கட்சி மாறும் மணல்

முடிச்சூர்க்காரர்களுக்குத் தண்ணீரைப் பற்றிப் பாடம் எடுக்க வேண்டியதில்லை. 2015 டிசம்பர் வெள்ளத்தில் மொட்டை மாடியில் நின்று பார்த்தவர்கள். ஆனால் தண்ணீர் போனபின் ரோட்டில் தங்கிவிடுகிறதே மணல், அதை யாரும் சட்டை செய்வதில்லை. திருப்பத்தில் கோலப்பொடி தூவினாற்போல் மெலிசாகப் பரவிக் காத்திருக்கும். முன்னால் காஸ் சிலிண்டர், பின்னால் தர்மபத்தினி சகிதம் வருகிற ஸ்கூட்டர்காரர் லேசாக முன் பிரேக்கைத் தொட்டால் போதும். மீதியைக் கட்டுப் போடுகிற டாக்டர் பார்த்துக்கொள்வார்.

இதே மணலுக்குத் தாம்பரம் ஸ்டேஷனில் வேறு உத்தியோகம். வெளியூர் ரயில்களை இழுக்கும் எஞ்சினில் மணல் பெட்டி என்று ஒன்று உண்டு. சக்கரத்தின் பக்கத்தில் ஒரு குழாய் தண்டவாளத்தைப் பார்த்துத் தொங்கும். மழையில் சக்கரம் பிடிக்காமல் நின்ற இடத்திலேயே சுற்றினால், டிரைவர் மணலைக் கொட்டுவார். சக்கரம் கவ்வும். வண்டி கிளம்பும்.

ஸ்கூட்டரைக் கவிழ்க்கிற மணல் ரயிலைக் காப்பாற்றுகிறது. அப்படியானால் மணல் எந்தக் கட்சி?

எந்தக் கட்சியும் இல்லை, ஐயா! உராய்வு என்பது ஒரு பொருளின் குணமே அல்ல. அது கல்யாணம் மாதிரி, இரண்டு பேர் சமாசாரம். மாப்பிள்ளையும் தங்கம், பெண்ணும் தங்கம். நடுவில் யார் புகுகிறார்கள் என்பதில்தான் இருக்கிறது சூட்சுமம்.

எவ்வளவு வழவழப்பான பரப்பும் உற்றுப் பார்த்தால் பலாப்பழம்தான். இரண்டு பலாப்பழத்தை ஒட்டி வைத்தால் முள்ளும் முள்ளும்தான் தொடும். அந்தத் தொடுகையில்தான் பிடிப்பு. ரப்பர் மெத்தென்று இருப்பதால் ரோட்டின் மேடு பள்ளத்துக்குள் அமுங்கிக் கவ்விக்கொள்கிறது. நடுவே மணல் வந்தால் கேரம் போர்டில் பவுடர் போட்ட கதை. மணிகள் உருள, டயரும் கூடவே போகிறது. ரயில் சக்கரத்தின் பளுவோ பல டன். மணல் உருள வழியில்லை. நொறுங்கி, இரண்டு எஃகுக்கும் நடுவே பல்லாகக் கடித்துக்கொள்கிறது.

எஃகுச் சக்கரம் எஃகின் மேல் நசுங்காமல் உருளுவதால்தான் ஒற்றை எஞ்சின் இருபது பெட்டிகளை இழுக்கிறது. ஆனால் பிடிப்பு குறைச்சல். ஏற்றம் அதிகமானால் மணலும் கைகொடுக்காது. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் போகிற மலை ரயில் சில இடங்களில் பன்னிரண்டு அடி போவதற்குள் ஒரு அடி ஏற வேண்டும். அதனால் தண்டவாளங்களுக்கு நடுவே பல்வரிசை வைத்த இரும்புச் சட்டம் போட்டு, 1899-லேயே ஏணி ஏறுவது போல ஏற்றிவிட்டார்கள்.

இறங்கும்போதும் நிற்கும்போதும் அதே பிரச்னைதான். நூறு கிலோமீட்டர் வேகத்தில் வரும் ரயில் பிரேக் போட்டு நிற்கப் பல நூறு மீட்டர் வேண்டும். கடற்கரை–தாம்பரம் மின்சார ரயில் 1931-ல் ஓடத் தொடங்கியபோதும் இதே பௌதிகம்தான். மேம்பாலப் படி ஏறச் சோம்பல்பட்டுத் தண்டவாளத்தைத் தாண்டுகிற நம்மவர்கள், "டிரைவர் பார்த்து நிறுத்திடுவாரு" என்கிறார்கள். டிரைவர் பார்ப்பார். நிறுத்த முடியாது.

மறுபடி ரோட்டுக்கு வருவோம். எங்கள் பக்கத்துப் பஞ்சர் கடைக்காரர் ஒருவரிடம், "பட்டன் சுத்தமாத் தேஞ்சுடுச்சு, சார். மாத்திடுங்க" என்று அவர் சொல்ல, "வெயில்ல நல்லாத்தானே புடிக்குது?" என்று ஒருவர் வாதாடிக்கொண்டிருந்தார்.

வாதம் சரிதான். காய்ந்த ரோட்டில் மொட்டை டயரும் பிடிக்கும். பந்தயக் கார்களுக்குப் பட்டனே இல்லாத டயர்தான் போடுகிறார்கள். மழை வந்தால் வேறு டயர்! பட்டனின் வேலை பிடிப்பது அல்ல, நடுவில் புகுந்த தண்ணீரை வெளியே தள்ளுவது. தள்ள வழியில்லாவிட்டால் டயர் தண்ணீரின் மேல் மிதக்கும்.

"அப்ப மழையில வண்டி எடுக்காம இருங்க" என்றார் கடைக்காரர். பேச்சு முடிந்தது.

கணக்கும் சொல்லிவிடுகிறேன். நாற்பது கிலோமீட்டர் வேகத்தில், நல்ல டயர், காய்ந்த ரோடு என்றால் பிரேக் பிடித்தபின் சுமார் 9 மீட்டரில் நிற்கலாம். பிடிப்பு பாதியானால் 18 மீட்டர். மிச்சமிருக்கும் அந்த 9 மீட்டரில்தான் பள்ளிக்கூடம் விட்டு வருகிற பையன் ரோட்டைக் கடந்துகொண்டிருப்பான்.

டிரைவிங் தெரியாதவர்களும் தப்பிக்க முடியாது. புது வீட்டுப் பாத்ரூமில் முகம் பார்க்கலாம் போல டைல்ஸ் பதிக்கிறோம். காலும் நல்ல கால், டைல்ஸும் உசத்தி. நடுவே சோப்புத் தண்ணீர். எழுபது வயதில் இடுப்பு எலும்பு உடைந்தால் பலர் மறுபடி பழையபடி நடப்பதில்லை. பாட்டி குளிக்கிற இடத்திலாவது சொரசொரப்பான டைல்ஸ் போடுங்கள். சுவரில் ஒரு கைப்பிடியும் வையுங்கள். கிரகப்பிரவேசத்துக்கு வருகிறவர்கள் "ஏன் சார், பாத்ரூம்ல மட்டும் சிக்கனம்?" என்று கேட்பார்கள். கேட்கட்டும். ஆர்த்தோ டாக்டர் பில்லைவிட அந்தக் கேள்வி மலிவு.