பனியன் ஊரில் பனியனோடு பைக்



போன வாரம் குடும்பக் குழுவில் ஒரு புது வண்டிப் படம் வந்தது. ஹேண்டில்பாரில் மாலை, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம், டேங்கில் சந்தனம், குங்குமம். விலை இரண்டு லட்சத்துக்கு மேல். உட்கார்ந்திருந்தவர் காலில் ரப்பர் செருப்பு, இடுப்பில் டிராக் பேன்ட், தலையில் ஒன்றுமில்லை. கீழே வரிசையாக வாழ்த்துகள். "ஹெல்மெட் எங்கே தம்பி?" என்று நான் ஒருவன்தான் கேட்டேன். "படத்துக்காகக் கழற்றினேன் மாமா" என்று பதில் வந்தது. செருப்பு மட்டும் படத்துக்காகப் போட்டதா?

இதைப் படிப்பவர்களில் பாதிப் பேர் திருப்பூர், பல்லடம் பக்கம். துணியைத் தொட்டுப் பார்த்தே 160 ஜி.எஸ்.எம்.மா, 180 ஜி.எஸ்.எம்.மா என்று சொல்லிவிடுவீர்கள். வெளிநாட்டுக்காரன் போடும் சட்டைக்குச் சாயம் போகிறதா, சுருங்குகிறதா, உரசினால் தேய்கிறதா என்று லேபில் சோதித்து அனுப்புகிறீர்கள். சாயங்காலம் ஷிஃப்ட் முடிந்து தாராபுரம் ரோட்டில் 70-ல் பறக்கும்போது உங்கள் உடம்பில் என்ன துணி? பாலியஸ்டர் டி-ஷர்ட் தார் ரோட்டில் இழுபட்டால் சூட்டில் உருகிக் காயத்தோடு ஒட்டிக்கொள்ளும். சாதாரண ஜீன்ஸ் அதைவிடத் தேவலாம். ஆனால் அதுவும் நொடிக்குள் கிழிந்துவிடும். துணியைப் பற்றி இந்த ஊருக்கு நான் பாடம் எடுக்க வேண்டியிருக்கிறது பாருங்கள்.

"மெதுவாத்தான் சார் போவேன்" என்பவர்கள் 9-ஆம் வகுப்பு இயக்கச் சமன்பாட்டை எடுங்கள். ஒன்றரை மீட்டர் உயரத்திலிருந்து ஒரு தலை கீழே வந்தால் தரையைத் தொடும்போது அதன் வேகம் மணிக்கு ஏறக்குறைய 20 கி.மீ. நின்ற வண்டி சாய்ந்தாலும் இதே கணக்குதான். ஓடும் வண்டியிலிருந்து விழுந்தால், 40 கி.மீ. வேகத்தில் சுமார் 10 மீட்டர் சறுக்குவீர்கள். 60-ல் 20 மீட்டருக்கு மேல். வேகம் ஒன்றரை மடங்குதான் கூடியது, தூரம் இரண்டு மடங்கைத் தாண்டிவிட்டது. வர்க்கத்தின் வேலை அது.

ஹெல்மெட் விஷயத்தில் எனக்குக் கோபம் அதிகம். போலீஸ் பிடித்தால் 1000 ரூபாய் என்பதற்காக 300 ரூபாய்க்கு ரோட்டோரத்தில் ஒரு பிளாஸ்டிக் சட்டி வாங்குகிறீர்கள். ஐ.எஸ்.ஐ. ஸ்டிக்கரை யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம். ஐ.எஸ். 4151 என்ற எண்ணும் அதனோடு உரிம எண்ணும் இருக்கிறதா பாருங்கள். பி.ஐ.எஸ். கேர் செயலியில் அந்த உரிம எண்ணைப் போட்டால் தயாரித்தவர் யாரென்று தெரிந்துவிடும். புருவத்துக்கு மேலே டேப் வைத்துத் தலையை அளந்து வாங்குங்கள். போட்டுக்கொண்டு தலையை ஆட்டினால் கன்னத்துத் தோலும் சேர்ந்து அசைய வேண்டும். தாடைப் பட்டையைப் பூட்டாவிட்டால் நீங்கள் விழுவதற்கு முன் அது பறந்துவிடும். அடியை வாங்குவது உள்ளே இருக்கும் தெர்மோகோல். ஒரு முறை நசுங்கினால் அதன் வேலை முடிந்தது. ஓடு பளபளவென்று இருக்கிறதே என்று அண்ணன் விழுந்து எழுந்த ஹெல்மெட்டைத் தம்பிக்குக் கொடுக்காதீர்கள்.

விழும்போது யாரும் யோசித்து விழுவதில்லை, கைதான் முதலில் போய் ஊன்றும். உள்ளங்கை தேய்ந்தால் தையல் மெஷினில் எப்படி உட்காருவீர்கள்? கையுறை, கணுக்கால் மூடிய ஷூ, இவை இரண்டும் அதற்குத்தான். "வெயிலில் ஜாக்கெட்டா?" என்பீர்கள். வலைத்துணியில் தைத்த ஜாக்கெட் இருக்கிறது, ஓடும்போது காற்று உள்ளே வரும். ஐந்தாறாயிரத்தில் கிடைக்கிறது, உங்கள் செல்போன் விலையைப் பற்றி நான் பேசவில்லை. தோளிலும் முழங்கையிலும் உள்ள பேடில் ஈ.என். 1621 என்று பொறித்திருக்க வேண்டும். முதுகுப் பேடை உருவிப் பாருங்கள், பல ஜாக்கெட்டுகளில் வெறும் ஸ்பாஞ்சுதான் இருக்கும். கை தொளதொளவென்று இருந்தால் விழும்போது பேடு ஒரு பக்கம், முழங்கை ஒரு பக்கம் போய்விடும்.

பின்னால் உட்காரும் பெண்களை மறந்துவிடுகிறீர்கள். அவள் தலைக்கு ஹெல்மெட் இல்லை, பூ வாடிவிடுமாம். பின் சக்கரத்தில் பாதியாவது மறைக்கும் தடுப்பு வேண்டும் என்று சட்டமே சொல்கிறது, சேலையும் துப்பட்டாவும் சிக்கக் கூடாது என்பதற்காக. அழகு கெடுகிறதென்று அதைக் கழற்றிப் பரணில் போடுகிறான் பையன். அப்பா பார்த்துக்கொண்டு நிற்கிறார்.

தை பிறந்தால் நம் வீடுகளில் வரிசையாகக் கல்யாணங்கள். சீரில் மாப்பிள்ளைக்கு வண்டி கொடுப்பதே தப்பு. அதைத் தனியாக எழுதுகிறேன். கொடுத்தே தீருவேன் என்பவர்கள் சாவி வைக்கும் தாம்பாளத்தில் இரண்டு ஹெல்மெட்டையும் வையுங்கள். பெண்ணுடையது அவள் தலையை அளந்து வாங்கியதாக இருக்கட்டும்.