மறுபதிவுப் பாடல்களில் வாசித்தவர்களின் பெயர்: சங்கத்தின் நிலைப்பாடு

(செயற்குழு ஏற்றுக்கொண்டு, உறுப்பினர்களுக்கும் ஒலிப்பதிவு நிறுவனங்களுக்கும் வெளியிடும் அறிக்கை)

1. இந்த அறிக்கை ஏன்

அண்மையில் வெளியான மறுபதிவுத் தொகுப்பு பற்றி உறுப்பினர்கள் அனைவரும் அறிவீர்கள். நடந்த முழுவதையும் இங்கே விவரிக்கவில்லை. பேச்சுவார்த்தை நடந்துகொண்டிருப்பதால் நிறுவனத்தின் பெயரையும் குறிப்பிடவில்லை. அந்தத் தொகுப்பில் பாடியவர், எழுதியவர், இசையமைத்தவர், மிக்ஸிங் செய்தவர், அட்டையை வடிவமைத்தவர் என எல்லோருக்கும் பெயர் இருக்கிறது. வாசித்தவர்களுக்கு மட்டும் 'ஆர்கெஸ்ட்ரா' என்று ஒரே சொல். கேட்டபோது, "இதுதானே வழக்கம்?" என்றார்கள். நமக்கு ஆத்திரம் மூட்டியது விடுபட்ட பெயர்களைவிட இந்தப் பதில்தான்.

மறுபதிவு என்று இங்கே நாம் சொல்வது, முன்பே வெளியான பாடலைப் புதிதாக வாசித்துப் பதிவு செய்வதை. பழைய நாடாவைச் சுத்தம் செய்து வெளியிடுவது இதில் சேராது. நாம் ரீரெக்கார்டிங் என்று சொல்லும் படப் பின்னணி இசையும் சேராது.

2. 'வழக்கம்' நமக்கு என்ன செய்கிறது

பெயர் போடுவது ஒரு மரியாதை, போடாவிட்டால் மனவருத்தம், அவ்வளவுதான் என்று நம்மிலேயே பலர் நினைக்கிறோம். செயற்குழு இந்த எண்ணத்தை ஏற்கவில்லை. காரணத்தைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

2012-ல் பதிப்புரிமைச் சட்டம் திருத்தப்பட்டபோது, நிகழ்த்துபவருக்கென்று இரண்டு பிரிவுகள் வந்தன. 38ஏ பிரிவு, நம் வாசிப்பைப் பதிவு செய்வதிலும் வெளியிடுவதிலும் நமக்குள்ள உரிமையைச் சொல்கிறது. படத்துக்கு ஒப்புதல் கொடுத்துவிட்ட பிறகும், வணிகப் பயன்பாட்டில் ராயல்டிக்கு வழி வைக்கிறது. 38பி பிரிவு, வாசித்தவர் இன்னார் என்று அடையாளம் காட்டப்படும் உரிமையைத் தருகிறது. மற்ற உரிமைகளை எழுதிக் கொடுத்துவிட்டாலும் இது கைவிட்டுப் போகாது.

அதே திருத்தம், 'நிகழ்த்துபவர்' யார் என்ற விளக்கத்தோடு ஒரு நிபந்தனையையும் சேர்த்தது. திரைப்படத்தில் ஒருவருடைய பங்கு தற்செயலானதாகவோ இடையில் வந்துபோவதாகவோ இருந்து, தொழில் வழக்கப்படி அவர் பெயர் டைட்டில் உட்பட எங்கேயும் போடப்படுவதில்லை என்றால், அவர் நிகழ்த்துபவராகவே கருதப்பட மாட்டார். தன் வாசிப்பைச் சிதைத்தால் எதிர்க்கலாம் என்ற ஒன்று மட்டுமே அவருக்கு மிஞ்சும்.

இதை இன்னொரு முறை படியுங்கள். பெயர் போடாதது வழக்கம். வழக்கமாகப் பெயர் போடாததால் அவர் நிகழ்த்துபவர் அல்ல. நிகழ்த்துபவர் அல்லாததால் பெயர் கேட்க அவருக்கு உரிமை இல்லை. பெயரை விட்டவரே, தாம் விட்டதைத் தமக்குச் சாட்சியாகக் கொண்டுவந்து நிறுத்தலாம்! ஐம்பது, அறுபது ஆண்டுகளாக 'மற்றும் குழுவினர்' என்று எழுதிவிட்டு, அந்த எழுத்தையே ஆதாரமாகக் காட்டலாம். காலையில் வந்து, நொட்டேஷன் எழுதி, கிளிக் டிராக்குக்கு நாலு டேக் வாசித்துவிட்டுப் போன செல்லோக்காரர் யார்? வழிப்போக்கரா? மழைக்கு ஒதுங்கியவரா?

இந்த நிபந்தனை வாத்தியக் கலைஞர்களுக்குப் பொருந்தும் என்று சங்கம் ஒப்புக்கொள்ளவில்லை. பொருந்தாது என்பது முடிந்த விஷயம் என்றும் நாம் உரிமை கொண்டாடவில்லை. சட்ட ஆலோசகரின் யோசனைப்படி இந்த அளவோடு நிறுத்திக்கொள்கிறோம். ஆனால் ஒன்றைத் தெளிவாகச் சொல்லலாம். அந்த நிபந்தனை திரைப்படத்துக்கு மட்டும் உரியது. மறுபதிவுப் பாடல்களோ பெரும்பாலும் எந்தப் படத்துக்குள்ளும் வருவதில்லை. தனித் தொகுப்பாக, ஒலிக்கோப்பாக வெளியாகின்றன. அங்கே அந்த விதிவிலக்குக்கே வேலையில்லை. வாசித்தவர் முழுமையான நிகழ்த்துபவர். பெயர் அவருடைய உரிமை. 'சினிமாவில் இப்படித்தான்' என்று அங்கே பதில் சொல்பவர், தமக்குப் பொருந்தாத சட்டையைப் போட்டுக்கொண்டு வருகிறார்.

38பி-யிலும் ஒரு விலக்கு உண்டு: பயன்படுத்தும் முறையினால் பெயரைச் சொல்ல இயலாத இடத்தில் விட்டுவிடலாம். வானொலி அறிவிப்பாளர் நாற்பது பேரை வாசிக்க முடியாது. அதை நாம் கேட்கவும் இல்லை. ஆனால் செயலியில் ஒரு பாடலின் விவரப் பக்கத்துக்கு என்ன இடப் பஞ்சம்? இசைத்தட்டின் வட்ட லேபிளில் இடமில்லை என்றார்கள், சரி என்றோம். ஒலிநாடா அட்டையிலும் இடமில்லை என்றார்கள். 1990-களில் ஏ.ஆர்.ரஹ்மான் தம் தொகுப்புகளின் அட்டையிலேயே வாசித்தவர்களின் பெயர்களை அச்சிட வைத்தார். அந்தக் கையகல அட்டையில் இடம் இருந்தது.

பாடகர்களின் உரிமைச் சங்கம் 2013-ல் பதிவாகி, ராயல்டி வசூலிக்கத் தொடங்கியது. நம்மில் ஒருவருக்கு அப்படி ஒரு பங்கு வர வேண்டுமானாலும், முதலில் அவர் பெயர் அந்தப் பதிவின் தரவில் இருந்தாக வேண்டும். பெயரில்லாதவருக்குப் பணம் பிரித்துக் கொடுக்க எந்த அமைப்பாலும் முடியாது. உலக அறிவுசார் சொத்துரிமை அமைப்பின் நிகழ்த்துபவர் ஒப்பந்தத்தில் இந்தியா 2018-ல் சேர்ந்தது. அதிலும் அடையாள உரிமை இருக்கிறது.

வெளிநாட்டு வழக்கத்தை உதாரணம் காட்டுவதில் எல்லோருக்கும் உடன்பாடில்லை. இருந்தாலும் இரண்டைச் சொல்கிறோம். மோட்டவுன் நிறுவனத்தின் வெற்றிப் பாடல்கள் பலவற்றுக்கு வாசித்த ஃபங்க் பிரதர்ஸ் குழுவுக்கு, 1971-ல் மார்வின் கே வெளியிட்ட தொகுப்பில்தான் முதன்முதலாகப் பெயர் கிடைத்தது. டெய்லர் ஸ்விஃப்ட் தம் பழைய தொகுப்புகளை 2021 முதல் மறுபதிவு செய்து வெளியிட்டபோது, கிட்டார் யார், பேஸ் யார், டிரம்ஸ் யார் என்று தனித்தனியே பெயர் இருந்தது.

3. பழைய வாசிப்பும் புதிய வாசிப்பும்

மறுபதிவில் பழைய கலைஞரின் பெயரையும் போட வேண்டுமா என்பதில் செயற்குழுவில் கடுமையான கருத்து வேறுபாடு இருந்தது. எட்டிய உடன்பாடு வருமாறு.

சட்டத்தின் 31சி பிரிவின்படி உரிமம் பெற்றுச் செய்யும் கவர் வெர்ஷனில் இந்தக் கேள்விக்கே இடமில்லை. பாடல் முதன்முதலாகப் பதிவான ஆண்டுக்குப் பின் ஐந்து ஆண்டுகள் கழிந்த பிறகே அதைச் செய்யலாம். அது கவர் வெர்ஷன் என்று அட்டையில் எழுத வேண்டும். பழைய பதிவில் நிகழ்த்தியவரின் பெயரோ உருவமோ அதில் வரக் கூடாது. கேட்பவர் ஏமாறக் கூடாது என்பதற்காக வந்த விதி இது. சங்கம் இதை வரவேற்கிறது. ஆனால் பழைய பெயரைப் போடாதே என்று சொன்ன அந்தப் பிரிவு, புதிய பெயரைப் போடு என்று சொல்லவில்லை. விளைவு, யாருமே வாசிக்காதது போன்ற பதிவுகள்.

மூல உரிமையாளரே மறுபதிவு செய்யும்போது நிலைமை வேறு. 'டூயட்' (1994) படப் பாடல்களை உரிமையாளர் புதிதாகப் பதிவு செய்தாலும், அந்த சாக்ஸபோனைக் கேட்பவர் மூலப் பதிவில் வாசித்த கத்ரி கோபால்நாத்தைத்தான் நினைப்பார். புதிதாக வாசித்தவர் பெயர் இல்லாவிட்டால் இருவருக்குமே அநியாயம். ஒருவர் உழைப்பு மறைகிறது. மற்றவர் வாசிக்காதது அவர் கணக்கில் ஏறுகிறது.

இன்டர்லூடில் வரும் புகழ்பெற்ற பிட் ஒன்றை அச்சு அசலாக மறுபடி வாசிக்கும்போது, முதலில் வாசித்தவரையும் குறிப்பிட வேண்டும் என்று மூத்த உறுப்பினர்கள் வலியுறுத்தினர். ஒவ்வொரு ஸ்வரத்தையும் இசையமைப்பாளரே எழுதிக் கொடுத்த பாடல்களில் அப்படிக் கேட்பது முறையாகாது என்று மற்றவர்கள் சொன்னார்கள். இளையராஜாவிடம் வாசித்தவர்களுக்கு இது புரியும். ஆகவே, பிட்டை உருவாக்கியதில் கலைஞருக்குப் பங்கு இருந்தது தெரியவரும் இடங்களில், சட்டம் அனுமதிக்கும் அளவுக்கு, 'மூலப் பதிவில் வாசித்தவர்' என்று தனியே குறிப்பிடுவது விரும்பத்தக்கது என்று சங்கம் கருதுகிறது. இதைவிட அழுத்தமான வாசகத்துக்குப் பெரும்பான்மை கிடைக்கவில்லை.

4. பிற

ஊதியம், பேட்டா பற்றிய கோரிக்கைகள் தனியாகத் தொடரும். மெல்லிசை மேடைகளில் பதிவாகும் பாடல்களுக்கும் இந்த நிலைப்பாடு பொருந்தும். மென்பொருளில் இருந்து எடுத்த வயலின் ஒலிக்கு, யாரோ உட்கார்ந்து வாசித்தது போல 'ஸ்டிரிங்ஸ் செக்ஷன்' என்று எழுதுவதைச் சங்கம் எதிர்க்கிறது.

5. நாம் கேட்பது

அ) ஒவ்வொரு மறுபதிவுப் பாடலுக்கும் வாசித்தவர் பெயர், வாத்தியம் இரண்டும் தனித்தனியே இருக்க வேண்டும். அரேஞ்சர், கண்டக்டர், புரோகிராமர் பெயர்களும் சேர வேண்டும்.

ஆ) இசைக்குழுவின் பெயரைப் போடுவதில் மறுப்பில்லை. அதன் கீழே ஆட்களின் பெயர் கட்டாயம். குழுவின் பெயர் அதை நடத்துபவருக்குச் சொந்தமாக இருக்கலாம், வாசிப்பு வாசித்தவருடையது.

இ) புதிய பதிவுக்குப் புதிய அடையாளக் குறியீடும் பதிவான ஆண்டும் தரப்பட வேண்டும். பழைய பதிவின் விவரங்களை அப்படியே ஒட்டக் கூடாது.

ஈ) ஏற்கெனவே வெளியானவற்றில் விடுபட்ட பெயர்களைச் சேர்க்க வேண்டும்.

உறுப்பினர்களுக்கு: கால்ஷீட் முடிந்ததும் பெயர், வாத்தியம், பாடல் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி, ஆர்கெஸ்ட்ரா இன்சார்ஜின் கையொப்பம் வாங்கி, ஒரு நகலைச் சங்க அலுவலகத்தில் சேர்த்துவிடுங்கள். கையொப்பம் மறுக்கப்பட்டால் அதையும் எழுதிக் கொடுங்கள். பெயர் தராத நிறுவனங்களுக்கு வாசிக்கவே கூடாது என்ற தீர்மானம் கொண்டுவரப்பட்டது. இப்போதைக்கு அதை நிறைவேற்றவில்லை. திரும்பப் பெறவும் இல்லை.

சர்ச்சைக்குரிய தொகுப்பில் வாசித்த அனைவரின் பட்டியலையும் பாடல்வாரியாகத் தொகுத்து நிறுவனத்திடம் கொடுத்துவிட்டோம். அவர்கள் தேட வேண்டியது எதுவுமில்லை. மறுபடி அச்சிட வேண்டியதும் இல்லை. ஒருவர் கணினி முன் உட்கார்ந்து தட்டச்சு செய்தால் போதும். இதற்கும் தாமதம் என்றால், பெயர்கள் மறந்து விடுபட்டவை அல்ல, வேண்டுமென்றே விடப்பட்டவை என்றே சங்கம் எடுத்துக்கொள்ளும்.