எழுத்தின் பேரா? எழுத்தின் சத்தமா?

நமது ஊர்களில் ஆரம்பப் பள்ளிக்கூடத்தின் பக்கமாய்க் காலை வேளையில் போகிறவர்களுக்கு உள்ளேயிருந்து ஒரு பாராயணம் காதில் விழுவது வழக்கம். "சி, ஏ, டி, கேட், கேட் என்றால் பூனை. டி, ஓ, ஜி, டாக். டாக் என்றால் நாய்." நாற்பது பிள்ளைகள் ஒரே குரலாய் ஒப்பிக்கின்றார்கள். வெளியில் நிற்கும் பெற்றோர்கள் தங்கள் பிள்ளை இங்கிலீஷ் படிக்கின்றது என்று சந்தோஷப்பட்டுக்கொண்டு போகின்றார்கள்.

நாம் கேட்பது ஒன்றுதான். சி, ஏ, டி என்கின்ற மூன்று சத்தங்களையும் சேர்த்துச் சொன்னால் "சியேடி" என்று வருமே தவிர, "கேட்" என்று எப்படி வரும்? இந்தக் கேள்வி அங்குள்ள ஒரு பிள்ளைக்காவது தோன்றாமலிருக்காது. ஆனால் உபாத்தியாயர் சொல்லிவிட்டார், எல்லோரும் சொல்லுகின்றார்கள் என்று அதுவும் சேர்ந்து கத்துகின்றது. வாசிக்கக் கற்றுக்கொடுப்பதாகச் சொல்லிக்கொண்டு, முதல் நாளிலேயே "கண்ணால் பார்ப்பதையும் காதால் கேட்பதையும் நம்பாதே, சொன்னதைச் சொல்" என்று பழக்கிவிடுகின்றோம்.

இதில் உள்ள கோளாறு மிகவும் சின்னது. இங்கிலீஷில் எழுத்தின் பேர் வேறு, அதன் சத்தம் வேறு. "எச்" என்பது ஒரு எழுத்தின் பேர். அந்த எழுத்துக்குரிய "ஹ" சத்தம் அந்தப் பேரில் கிடையாது. "டபிள்யூ" என்பதை நூறு தரம் உருப்போட்டாலும் அதிலிருந்து "வ" சத்தம் பிறக்காது. 26 எழுத்துக்களின் பேர்களை ஒரு பிள்ளை தலைகீழாய் ஒப்பித்தாலும், புதிதாய் ஒரு சொல்லை எதிரில் வைத்தால் விழிக்க வேண்டியதுதான். ஏனெனில் அதற்குக் கொடுத்தது பேர்களின் ஜாபிதாவே ஒழிய வாசிக்கும் வழியல்ல.

இந்தப் பைத்தியம் தமிழுக்கும் ஒரு காலத்தில் இருந்ததுதான். திண்ணைப் பள்ளிக்கூடத்தில் "ஆனா, ஆவன்னா, ஈனா, ஈயன்னா" என்றுதான் நமது பாட்டன்மார் மணலில் எழுதினார்கள். "ஆவன்னா" என்பதிலிருந்து "வன்னா"வை உதறிவிட்டு "ஆ"வை மாத்திரம் எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது பிள்ளை தானாய்க் கண்டுபிடிக்க வேண்டிய ரகசியமாய் இருந்தது. இன்று அ, ஆ என்று சத்தத்தையே சொல்லிக் கொடுக்கின்றோம். ப, ட, ம் என்று சேர்த்தால் படம் என்று தானே வருகின்றது. இதனால் தமிழ் கெட்டா போய்விட்டது? 1978-இல் ணா, னை, லை முதலிய 13 எழுத்துக்களின் கோணல் உருவங்களைச் சர்க்கார் உத்திரவால் மாற்றியபோதுகூடத் தமிழ் அழியும் என்று அழுதவர்கள் உண்டு. இன்று அவர்களுடைய பேரப்பிள்ளைகளே புது உருவத்தில்தான் எழுதுகின்றார்கள்.

"நாங்களெல்லாம் சி, ஏ, டி என்றுதானே படித்தோம், உத்தியோகத்திற்கு வரவில்லையா?" என்று சிலர் கேட்பார்கள். வந்தார்கள், வாஸ்தவம்தான். ஆனால் அவர்களோடு ஒன்றாம் வகுப்பில் உட்கார்ந்தவர்களில் எத்தனை பேர் வந்தார்கள் என்று எண்ணிப் பார்க்க வேண்டாமா? வீட்டில் இங்கிலீஷ் பத்திரிகை வரும், தகப்பனோ மாமனோ பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக் கொடுப்பார்கள் என்றால், எந்த முறையில் கற்பித்தாலும் அந்தப் பிள்ளை எழுத்துக்கும் சத்தத்துக்கும் உள்ள சம்பந்தத்தைத் தானே பிடித்துக்கொள்ளும். கூலிக்குப் போகும் தாயின் பிள்ளைக்குப் பள்ளிக்கூடத்தை விட்டால் வேறு கதி ஏது? அங்கே சொல்லாத சங்கதி அதற்கு எங்கேயும் கிடைக்காது. பிறகு "அதற்குப் படிப்பு ஏறவில்லை" என்று பிள்ளையின் தலையிலேயே பழியைப் போட்டு, மாடு மேய்க்கும் ஜாதிக்குப் படிப்பு எதற்கு என்கின்ற பழைய பாட்டையும் பாடிவிடுகின்றார்கள்.

நிற்க, இங்கிலீஷ்காரர் தேசத்திலும் அமெரிக்காவிலும் இந்த விஷயத்தில் வேறு விதமான சண்டை நடந்தது. 1840-களிலேயே மாசசூசெட்ஸ் மாகாணக் கல்விக் காரியதரிசி ஹொரேஸ் மான் என்பவர், எழுத்தெழுத்தாய்க் கற்பிப்பது உயிரில்லாத வேலை, முழுச் சொல்லையே பார்த்துப் பழகட்டும் என்று வாதாடினார். பிறகு ஒரே சொல்லைப் பக்கத்துக்குப் பக்கம் திரும்பத் திரும்பப் போட்ட படப் புஸ்தகங்கள் வந்தன. 1955-இல் ருடால்ப் ஃபிளெஷ் என்பவர் பிள்ளைகளுக்கு வாசிக்க வராததற்கு இந்த முறையே காரணமென்று ஒரு புஸ்தகம் எழுதிக் கண்டித்தார். அதற்கும் அடங்காமல் 1967-இல் கென்னத் குட்மன் என்னும் பேராசிரியர், வாசிப்பு என்பதே ஒருவித ஊகிக்கும் விளையாட்டுத்தான் என்று புதுத் தத்துவம் ஒன்றைக் கிளப்பினார். படத்தைப் பார், முதல் எழுத்தைப் பார், மீதியை ஊகித்துக்கொள் என்பதுதான் அதிலிருந்து வந்த பாடம். சின்னக் குதிரைக்குரிய "போனி" என்ற சொல் இருக்குமிடத்தில் பிள்ளை "ஹார்ஸ்" என்று படித்தாலும் பொருள் கெடவில்லையே என்று இக்கட்சியார் சமாதானம் சொன்னார்கள். மருந்துச் சீட்டை இப்படிப் படித்தால் என்ன ஆகும் என்று நாம் கேட்கவில்லை, அவர்களே யோசித்துக் கொள்ளட்டும்.

இதற்கு முடிவு பேராசிரியர்களின் பெருமையால் ஏற்படவில்லை. பரீட்சித்துப் பார்த்ததால்தான் ஏற்பட்டது. ஸ்காட்லாந்தில் கிளாக்மன்னன்ஷயர் என்னும் சிறு ஜில்லாவில் சுமார் 300 பிள்ளைகளை மூன்று கூட்டமாக்கி, ஒரு கூட்டத்துக்கு எழுத்தின் சத்தங்களைச் சொல்லி அவைகளைச் சேர்த்து வாசிக்க 16 வாரம் கற்பித்தார்கள். அக்கூட்டத்தில் ஏழை வீட்டுப் பிள்ளைகள் அதிகம் இருந்தும், அதுவே மற்ற இரண்டையும் மிஞ்சி விட்டது. அமெரிக்கக் காங்கிரசின் ஏற்பாட்டில் அமைந்த வாசிப்புக் குழுவும் 2000-இல், சத்தங்களை ஒழுங்கு முறையாய்க் கற்பிப்பதே மேல் என்று பல ஆராய்ச்சிகளைத் திரட்டிச் சொல்லிற்று. இங்கிலாந்தில் 2006-இல் ஜிம் ரோஸ் என்பவரின் அறிக்கைக்குப் பின் சர்க்காரே இம்முறையை மேற்கொண்டது.

2012 முதல் அங்கே முதல் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒரு பரீட்சை வைக்கின்றார்கள். 40 சொற்கள். அவற்றில் 20 சொற்களுக்குப் பொருளே கிடையாது, வேண்டுமென்றே கட்டிவிட்டவை. ஊகித்துப் படிக்கும் பிள்ளை அங்கே அகப்பட்டுக்கொள்ளும். சத்தம் தெரிந்த பிள்ளை தப்பிக்கும். (நம் நாட்டில் பொருள் தெரியாத சொற்களைப் பிள்ளைகளுக்கு உருப்போட வைப்பது வேறு காரியத்துக்காக. அதில் பரீட்சையும் இல்லை, முடிவும் இல்லை.) முதல் வருஷத்தில் 100-க்கு 58 பேர் தேறினார்கள். 2019-இல் 82 பேர் தேறினார்கள். பரீட்சைக்காகவே பழக்கினார்கள் என்று குறை சொல்லுகிறவர்கள் உண்டு. அதில் கொஞ்சம் உண்மை இருக்கலாம். ஆனால் பழக்கினால் வருகின்றது என்பது தெரிந்ததா இல்லையா? அமெரிக்காவில் வெகு ஏழை மாகாணமான மிஸிஸிப்பியில் 2013-இல் சட்டம் செய்து, உபாத்தியாயர்களுக்கு இவ்வித்தையில் பயிற்சி கொடுத்து, மூன்றாம் வகுப்பில் வாசிக்கத் தெரியாதவர்களை நிறுத்தியும் வைத்தார்கள். கடைசி வரிசையில் கிடந்த அம்மாகாணத்தின் நாலாம் வகுப்புப் பிள்ளைகள் 2019-இல் தேசத்தின் சராசரிக்கு வந்து விட்டார்கள்.

சத்தம் தெரிந்துவிட்டால் எல்லாம் தெரிந்துவிட்டது என்று நாம் சொல்லவில்லை. அதே ஸ்காட்லாந்துப் பிள்ளைகளை ஏழு வருஷம் கழித்துச் சோதித்தபோது, சொல்லை வாசிப்பதில் தங்கள் வயதுக்கு மூன்றரை வருஷம் முந்தியிருந்தவர்கள், பொருளறிவதில் மூன்றரை மாதமே முந்தியிருந்தார்கள். ஆகையால் நம் பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் சொல்லின் பொருளை வாயால் பேசிப் பழக்காமல் வெறும் சத்தத்தை மாத்திரம் பழக்கினால் அதுவும் வேறொரு பாராயணமாய்த்தான் முடியும்.

"இங்கிலீஷில் ஒழுங்கே இல்லை, ஒரே எழுத்துக்குப் பல சத்தம், எப்படிக் கற்பிப்பது?" என்பது மற்றொரு ஆட்சேபணை. கல், பகல், பங்கு என்று சொல்லிப் பாருங்கள். ஒரே "க" மூன்று விதமாய் ஒலிக்கவில்லையா? அதற்காக "க"வைக் கற்பிக்கக்கூடாது என்று எந்தத் தமிழாசிரியராவது சொன்னதுண்டா? இங்கிலீஷில் கோணல் அதிகந்தான். நேரான சொற்களை முதலிலும் கோணலானவைகளைப் பிறகும் வைத்தால் தீர்ந்தது.

இதைவிடப் பெரிய கெடுதல் ஒன்று நம்மிடம் இருக்கின்றது. இங்கிலீஷ் சொல்லின் தலைமேல் தமிழில் எழுதிக்கொண்டு அதைப் பார்த்து வாசிப்பது. பன்றிக்கு ஒரு சொல், பெரியது என்பதற்கு ஒரு சொல், பொறுக்கு என்பதற்கு ஒரு சொல். இங்கிலீஷில் மூன்றும் வேறு. தமிழில் எழுதினால் மூன்றும் "பிக்" தான்! பிள்ளையின் காது அந்த வித்தியாசத்தைக் கேட்டுப் பழகாத வரையில் கண்ணுக்கும் அது தெரியாது.

பட்டணங்களில் இச்சங்கதியைத் தெரிந்துகொண்ட சிலர், "போனிக்ஸ்" என்று பலகை தொங்கவிட்டு, ஏதோ மந்திர உபதேசம் போலத் தனிப் பணம் வாங்கிக் கற்பிக்கின்றார்கள். பணமுள்ளவன் பிள்ளைக்குச் சத்தம், இல்லாதவன் பிள்ளைக்குப் பேர் என்று இங்கேயும் இரண்டு பந்தியா? இதில் மறைபொருள் ஒன்றுமில்லை. எஸ், ஏ, டி, பி, ஐ, என் என்கின்ற ஆறு எழுத்துக்களின் சத்தத்தை முதலில் கற்பித்தால், பின், பேன், டின், ஸிட், டேப் என்று பத்துப் பன்னிரண்டு சொற்களை யாரும் சொல்லிக் கொடுக்காமல் பிள்ளையே வாசித்துவிடும்.

சர்க்கார் 2007-இல் செயல்வழிக் கல்வி என்றார்கள், 2022-இல் எண்ணும் எழுத்தும் என்றார்கள். நோக்கம் நல்லதுதான். 2012 முதல் சர்க்கார் பள்ளிகளில் இங்கிலீஷ் வழி வகுப்புகளை ஏராளமாய்த் திறந்தார்கள். தாங்களே சி, ஏ, டி என்று படித்து வந்த உபாத்தியாயர்களைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. இங்கிலீஷின் 44 சத்தங்களை வாயில் பழக்கிக் கொடுத்து வகுப்புக்கு அனுப்ப வேண்டியது சர்க்காரின் கடமை. அதைச் செய்யாமல் அட்டையும் புஸ்தகமும் அச்சடித்தால், அட்டையைக் காட்டிக்கொண்டு பழைய பாராயணந்தான் நடக்கும்.

தோழர்கள் இன்றிரவே ஒரு காரியம் செய்யலாம். வீட்டிலோ பக்கத்திலோ இரண்டாம் மூன்றாம் வகுப்புப் படிக்கும் பிள்ளை ஒன்றைக் கூப்பிட்டு, எம், ஐ, பி என்ற மூன்று எழுத்துக்களைச் சிலேட்டில் எழுதி வாசிக்கச் சொல்லுங்கள். அது பாடப் புஸ்தகத்தில் இல்லாத, பொருளே இல்லாத சொல். "மிப்" என்று சொல்லுகின்றதா, அல்லது "இது எங்களுக்கு இன்னும் நடத்தவில்லை" என்று சொல்லுகின்றதா என்று பார்த்து, வகுப்பையும் குறித்து நமக்கு எழுதினால் பிரசுரிக்கின்றோம்.