குழிக்குள் ஒரு சாண்ட்விச்

தலைமைப் பண்புப் பயிற்சியோ, வாடிக்கையாளர் சேவைப் பயிற்சியோ, எந்த வகுப்பில் போய் உட்கார்ந்தாலும் அந்தக் குட்டி கார்ட்டூனைப் போட்டுவிடுகிறார்கள். 2013இல் வந்தது. அமெரிக்கப் பேராசிரியர் பிரெனே பிரவுன் பேசுகிறார். குழிக்குள் ஒரு நரி சோகமாக இருக்கிறது. கரடி இறங்கிப் போய்ப் பக்கத்தில் நிற்கிறது; அது எம்பதியாம். கொம்பு வைத்த இன்னொரு விலங்கு மேலிருந்தே எட்டிப் பார்த்து, சாண்ட்விச் வேண்டுமா என்கிறது, அது சிம்பதியாம். முன்னது மனிதர்களைச் சேர்க்கும், பின்னது பிரிக்கும். படம் முடிந்ததும் வகுப்பெடுப்பவர், “இனிமே யாரும் சிம்பதி காட்டாதீங்க” என்பார். எல்லோரும் பவ்யமாக எழுதிக்கொள்வார்கள்.

குழியில் கிடப்பவருக்குப் பசிக்காதா என்று இதுவரை ஒருவரும் கேட்டதில்லை.

சிம்பதி என்றால் மேலிருந்து பார்க்கும் இரக்கமாம். அதற்கு ஆங்கிலத்தில் ‘பிட்டி’ என்று தனிச்சொல்லே இருக்கிறது ஐயா.

எம்பதிதான் அசல் மனிதப் பண்பாம். அந்தச் சொல்லுக்கு வயது நூற்றுச் சொச்சம்தான். ஜெர்மானியர்கள் ஓவியத்தையும் தூணையும் ரசிப்பது பற்றிப் பேசப் புழங்கிய ஒரு சொல்லுக்கு ஈடாக, 1909இல் டிச்னர் என்ற உளவியலாளர் செய்து கொடுத்தது. அதற்கு 150 ஆண்டு முன்பே, 1759இல், வதைபடும் சகோதரனின் இடத்தில் கற்பனையால் நம்மை வைத்துப் பார்ப்பதை ஆடம் ஸ்மித் எழுதிவிட்டார். கரடி பார்த்த அதே வேலை. அவர் அதற்குச் சொன்ன பெயர் சிம்பதி.

சிம்பதி பிரிக்கும் என்பதுதான் எனக்குப் பொறுக்கவே பொறுக்காதது. நிஜக் குழிக்கே வருகிறேன். 1926 மே மாதம், பிரிட்டனின் நிலக்கரிச் சுரங்க முதலாளிகள் கூலியைக் குறை, வேலை நேரத்தைக் கூட்டு என்றார்கள். தொழிலாளர்கள் மறுத்தார்கள், கதவடைப்பு. உடனே ரயில் ஓட்டுபவர், துறைமுகத்தில் மூட்டை இறக்குபவர், அச்சகத்தில் எழுத்துக் கோப்பவர் என்று லட்சக்கணக்கானவர்கள் வேலையை நிறுத்தினார்கள். வெட்டப்பட்டது அவர்கள் கூலி அல்ல. பெரும்பாலானவர்கள் சுரங்கத்துக்குள் எட்டிக்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள். ஆனாலும் ஒன்பது நாள் தங்கள் கூலியை விட்டுக்கொடுத்து நின்றார்கள். இப்படி நிற்பதற்கு ஆங்கிலத்தில் ‘சிம்பதெட்டிக் ஸ்ட்ரைக்’ என்று பெயர். நம் தொழிற்சங்கக்காரர்கள் அனுதாப வேலைநிறுத்தம் என்பார்கள்.

பிரிக்கிற சரக்கென்றால் ஆள்பவர்கள் ஏன் பயப்பட வேண்டும்? பயந்தார்கள். 1927இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் அத்தகைய வேலைநிறுத்தங்களைச் சட்டம் போட்டுத் தடுத்தது. அந்தச் சட்டம் நீங்க 1946 ஆனது.