பழைய பெட்டியும் கல்யாணப் படமும்

உங்கள் வீட்டு பீரோவின் மேல் தட்டைக் கொஞ்சம் பாருங்கள். பட்டுப் புடவைகளுக்கும் பத்திரக் கட்டுக்கும் நடுவே ஒரு சின்னக் கறுப்புப் பை கிடக்கிறதா? அதற்குள் உள்ளங்கை அகலத்தில் ஒரு வீடியோ காமிரா உறங்கிக் கொண்டிருக்கும். பத்துப் பன்னிரண்டு வருஷங்களுக்கு முன் அது வீட்டுக்கு வந்தபோது எத்தனை உபசாரம்! குழந்தைகள் தொடக்கூடாது, ஈரக் கையோடு எடுக்கக்கூடாது என்று ஆயிரம் சட்டம். பிறகு கைபேசி வந்து அதன் உத்தியோகத்தைப் பிடுங்கிக் கொண்டது. காமிரா பீரோவுக்குள் போய்விட்டது.

ஆனால் அதன் வயிற்றில் என்னென்ன இருக்கிறது என்று யோசித்தீர்களா? பேரனுக்குக் காது குத்தியது, கொல்லிமலை வளைவுகளில் எல்லோருக்கும் தலை சுற்றியது, ஏற்காட்டில் மழையில் மாட்டிக் கொண்டது, இன்று நம்மோடு இல்லாத பெரியவர்கள் நடந்தது, சிரித்தது, கோபித்துக் கொண்டது. எல்லாம் மணிக்கணக்கில், எடுத்தது எடுத்தபடியே. வந்த விருந்தாளியைப் பிடித்து உட்காரவைத்து நாலு மணி நேரம் காட்டினால், மறுமுறை அவர் நம் தெருப் பக்கமே வரமாட்டார். வெட்டித் தொகுத்தால்தான் அது படம்.

"அதற்கென்ன, வீட்டில்தான் கம்ப்யூட்டர் இருக்கிறதே!" என்பீர்கள். இருக்கிறது. 2009-லோ 2010-லோ வாங்கியது. அல்லது 2011-ல் தொடங்கிய அரசாங்கத் திட்டத்தில் பெண்ணுக்குக் கிடைத்த மடிக்கணினி. அதில் இந்தப் படத்தைப் போட்டதும் ஆரம்பிக்கிறது வேடிக்கை. மாப்பிள்ளை ஒரு அடி எடுத்து வைக்கிறார், நிற்கிறார், திடீரென்று மணமேடையில் இருக்கிறார். நாதஸ்வரம் ஒரு பக்கம், வாசிப்பவர் கன்னம் உப்புவது ஒரு பக்கம். பெட்டியின் விசிறியோ மாவு மில் மாதிரி இரைகிறது.

கம்ப்யூட்டரைத் திட்டாதீர்கள், பாவம்! அதன் தலையில் ஏற்றியிருக்கும் பாரம் அப்படி. பழைய வீடியோவில் ஒரு படத்துக்கு 720-க்கு 576, அதாவது 4,14,720 புள்ளிகள். இந்த உயர் துல்லிய வீடியோவில் 1920-க்கு 1080, அதாவது 20,73,600. சரியாக ஐந்து மடங்கு! வினாடிக்கு 25 படம்.

இது மட்டுமானால்கூடச் சமாளித்துவிடும். அசல் தொல்லை வேறு. 2006-ல் சோனியும் பானசோனிக்கும் சேர்ந்து கொண்டுவந்த ஏ.வி.சி.ஹெச்.டி. என்ற முறையில்தான் இந்தக் காமிராக்களில் பெரும்பாலானவை பதிவு செய்கின்றன. சின்ன அட்டையில் நிறையப் படத்தை அடைக்க அவர்கள் செய்த தந்திரத்தைப் பால் கணக்கு நோட்டை வைத்துப் புரிந்து கொள்ளலாம். முதல் தேதியன்று பாக்கி எவ்வளவு என்று முழுசாக எழுதுகிறீர்கள். மறுநாளிலிருந்து "அரை லிட்டர் கூட", "இன்று வேண்டாம்" என்று மாறியதை மட்டும் குறிக்கிறீர்கள். நோட்டு மிச்சம். ஆனால் பதினேழாம் தேதி பாக்கி என்ன என்று யாராவது கேட்டால், முதல் தேதியிலிருந்து கூட்டிக் கழித்துக் கொண்டு வரவேண்டும் அல்லவா? அதே கதைதான். ஏறக்குறைய அரை வினாடிக்கு ஒரு படம்தான் முழுப் படம். நடுவில் உள்ளவை எல்லாம் மாறுதல் குறிப்புகள். போதாக்குறைக்கு, சில குறிப்புகள் பின்னால் வரப்போகும் படத்தையும் பார்த்து எழுதப்பட்டவை! நீங்கள் தாலி கட்டும் நொடியில் வெட்டவேண்டும் என்று முன்னும் பின்னும் நகர்த்த நகர்த்த, கிழட்டுப் பெட்டி ஒவ்வொரு தடவையும் முதல் தேதிக்கு ஓடித் திரும்புகிறது.

இதற்கு வழி நம் சேலத்திலேயே இருந்திருக்கிறது. ஏற்காடு சாலையில் மாடர்ன் தியேட்டர்ஸின் முகப்பு வளைவைப் பார்த்திருப்பீர்கள். திருச்செங்கோட்டுக்காரரான டி. ஆர். சுந்தரம் 1930-களில் நிறுவிய ஸ்டூடியோ அது. மலையாளத்தின் முதல் பேசும் படமான 'பாலன்' (1938) அவர்கள் தயாரிப்பு. தமிழின் முதல் முழுநீள வண்ணப் படமான 'அலிபாபாவும் 40 திருடர்களும்' (1956) அவர்களுடையதுதான். அந்தக் காலத்துப் பிலிம் நிமிஷத்துக்கு 90 அடி ஓடும். மூன்று மணிப் படம் என்றால் 16,200 அடி. காமிராவில் ஓடிய அசல் நெகடிவ்வை எடிட்டர் கத்தரி கொண்டு தொடவே மாட்டார். அது போனால் போனதுதானே! அதிலிருந்து 'ரஷ் பிரிண்ட்' என்று ஒரு வேலைப் பிரதி எடுத்து, வெட்டுவது, ஒட்டுவது, மனம் மாறி மறுபடி ஒட்டுவது எல்லாவற்றையும் அதில் நடத்துவார். எல்லாம் முடிந்த பிறகு, பிலிம் ஓரத்தில் அச்சாகியிருக்கும் எண்களைப் பார்த்து, நெகடிவ்வை அதே இடங்களில் ஒரே தடவை வெட்டுவார்கள்.

பழைய கம்ப்யூட்டருக்கும் இதுவே மருந்து. பெயர்தான் 'பிராக்ஸி' என்று மாறியிருக்கிறது. ஒவ்வொரு காட்சிக்கும் ஒரு சின்னப் பிரதி தயாரித்துக் கொள்வது. 640-க்கு 360 என்றால் புள்ளிகள் ஒன்பதில் ஒரு பங்குதான். வெட்டு ஒட்டெல்லாம் அதில். கடைசியில் படத்தை வெளியே எடுக்கும்போது மென்பொருள் தானே அசலை எடுத்து, அதே இடங்களில் வெட்டிக் கொடுக்கிறது. ஷாட்கட், கேடென்லைவ் என்று இரண்டு மென்பொருள்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. இரண்டிலும் இந்த வசதி உண்டு. ஷாட்கட்காரர்கள் இந்த வகைப் படத்துக்கு 8 ஜி.பி. நினைவகம் வேண்டும் என்கிறார்கள். அது இல்லாதவர்களுக்கு அவர்களே சொல்லும் யோசனையும் பிராக்ஸிதான்.

"இத்தனை பாடு எதற்கு? கடையில் கொடுத்தால் இரண்டே நாளில் தந்துவிடுவார்களே" என்று சிலர் கேட்கலாம். ராசிபுரத்தில் என் சித்தி அப்படித்தான் கொடுத்தாள். 2012-ல் நடந்த மகள் கல்யாணம். காமிரா பிடித்தவர் சித்தப்பா. அதனால் படத்தில் ஓரிடத்திலும் அவர் முகம் இல்லை. "இந்தப் பக்கம் திரும்பு", "பாட்டிக்கு நாற்காலி போடுங்கப்பா" என்று அவர் குரல் மட்டும் கேட்டுக் கொண்டே இருக்கும். சித்தப்பா காலமான பிறகு சித்தி அதைத் தொகுக்கக் கொடுத்தாள். திரும்பி வந்த தட்டில் படம் பளிச்சென்று இருந்தது. ஆனால் பேச்சுச் சத்தம் முழுவதையும் எடுத்துவிட்டுச் சினிமாப் பாட்டாகப் போட்டிருந்தார்கள். கடைக்காரர் மேல் குற்றம் சொல்ல முடியாது. யாருடைய குரல் என்று அவருக்கு எப்படித் தெரியும்?

நல்ல வேளையாக அசல் அட்டை பத்திரமாக இருந்தது. ஐம்பத்தெட்டு வயதில் சித்தி தானே உட்கார்ந்தாள், பெண் விட்டுப்போன மடிக்கணினியின் முன்னால். ராத்திரி பிராக்ஸி தயாரிக்க விட்டுவிட்டுப் படுப்பாள். பகலில் சமையல் முடிந்து ஒரு மணி நேரம் வெட்டுவாள். இருபத்திரண்டு நாள் ஆயிற்று. நானும் பார்த்தேன். காமிரா ஆடுகிற ஓர் இடத்தை வெட்டலாமே என்று சொன்னேன். "வேண்டாங் கண்ணு, அங்கெதான் அவரு இருமுறாரு" என்றாள்.

எந்தக் கடைக்காரருக்கும் செய்ய முடியாத தொகுப்பு அது. ஆகவே, சகோதரிகளே, நீங்கள் உட்காருமுன் சில விஷயங்களைக் காதில் போட்டுக் கொள்ளுங்கள்.

அட்டையில் உள்ள படங்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுக்காதீர்கள். முழு அட்டையையும் உறைகள் கலையாமல் அப்படியே நகல் எடுங்கள். காமிரா நீண்ட பதிவை 2 ஜி.பி.க்கோ 4 ஜி.பி.க்கோ ஒரு துண்டாக்கிவிடும். உயர்ந்த தரத்தில் பதினோரு நிமிஷத்துக்கே ஒரு துண்டு விழலாம். துண்டுகளைத் தனித் தனியாக எடுத்து வைத்து ஒட்டினால் மூட்டில் சத்தம் துள்ளும். அது மாங்கல்யதாரணத்தில் வந்து விழுந்தால் என்ன செய்வது? காமிராவோடு வந்த மென்பொருள் அந்த மூட்டுகளைச் சேர்த்தே இறக்கித் தரும். மணிக்குப் பத்து, பதினொரு ஜி.பி. இடம் பிடிக்கும் என்பதால் வெளியே வைக்கும் டிஸ்க் ஒன்று அவசியம். சின்னக் காஸெட்டில் பதிவு செய்யும் காமிரா உங்களுடையது என்றால் தாமதிக்கவே வேண்டாம். ஒரு மணி காஸெட்டை இறக்க ஒரு மணி நேரம் ஓடவிட்டே ஆகவேண்டும். அதற்கான பயர்வயர் துளை புதுக் கம்ப்யூட்டர்களில் இருப்பதே அபூர்வம். அந்த வகையில் உங்கள் கிழட்டுப் பெட்டியே மேல்!

சித்திரை வைகாசியில் சேலத்து வெயிலில் இந்த வேலையைப் பகலில் வைத்துக் கொள்ளாதீர்கள். மடிக்கணினியை மெத்தைமேல் வைத்தால் காற்றுத் துளை அடைத்துக் கொள்ளும். மரப் பலகைமேல் வையுங்கள். பெட்டிக்குள் படிந்த தூசியைத் தட்டினாலே பாதி இரைச்சல் அடங்கும். செலவு செய்யத்தான் வேண்டும் என்றால் நினைவகத்தைக் கூட்டுங்கள். இதற்காகப் புதுக் கம்ப்யூட்டர் வாங்குவதை நான் ஒப்பமாட்டேன்.

கடைசியாகப் படத்தை வெளியே எடுக்கும் வேலைக்கு ராத்திரி முழுவதும் பிடிக்கலாம். மேஜைக் கணினியானால் மின்சாரம் போனால் தாங்க ஒரு யு.பி.எஸ். இருக்கட்டும். காலையில் எழுந்து, தலை முதல் கால் வரை ஒரு தடவை ஓட்டிப் பாருங்கள். அதற்குப் பிறகும் அட்டையை அழித்துவிடாதீர்கள். இரண்டு டிஸ்க்கில் நகல் எடுத்து, ஒன்றை மகள் வீட்டில் கொடுத்து வையுங்கள்.