'சீ' என்னும் வினையும் நம் வகுப்பறையும்

'ஐ ஆம் சீயிங் தி மூன்' என்றெழுதும் மாணவரைக் கடிந்து பயனில்லை. 'நிலவைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்' என்பதே அங்கு ஆங்கில உடை புனைந்து நிற்கிறது. 'சீ' என்றால் 'பார்' என்று உருவேற்றும் சொற்பட்டியலே குற்றவாளி. கண் செலுத்திப் பார்ப்பது 'லுக்'. நிகழ்வதைத் தொடர்ந்து கவனிப்பது 'வாட்ச்'. கண்ணில் தானே படுவது 'சீ'. ஆதலின் அதற்குத் தொடர்வினை பொதுவாக ஏலாது. (மருத்துவரைச் சந்திக்கும் பொருளில் 'சீயிங்' வரும் என்பது வேறு.)

'நிலவு தெரிகிறது' என்று வீட்டில் அம்மாணவரே சொல்வதில்லையா? அத்தொடரன்றோ 'சீ' என்பதற்கு நெருங்கிய உறவு! 'ஐ சீ' என்பது 'விளங்கிற்று' எனப் பொருள்படுவதும் நமக்குப் புதுமையன்று. நம் 'தெரி'யும் கண்ணுக்கும் அறிவுக்கும் பொதுவாய் நிற்பதே. 'நேற்று அவரைப் பார்த்தேன்' போன்ற இடங்களில் 'பார்' பொருந்துவதை மறுக்கவில்லை. ஆயினும், தமிழை வாயிலில் நிறுத்திவிட்டு ஆங்கிலம் புகட்டுவதை நாம் ஏற்பதற்கில்லை. இவ்வேறுபாட்டை விளக்க ஆங்கிலத்துறையார் அழைப்பின், தமிழ்த்துறையினராகிய நாம் மகிழ்ந்து செல்வோம்.