கையில் எண்ணெய் படாத அறிவியல்

நம் பள்ளிகளின் அறிவியல் விழாக்களில் இப்பொழுது ஒரு காட்சி தவறாமல் இடம்பெற்று வருகிறது. பெட்டியிலிருந்து ஒரு டிரோன் வெளியே வரும். ஒரு மாணவன் பொத்தானை அழுத்துவான். அது மேலே எழும், எல்லாரும் கைதட்டுவர், சிறப்பு விருந்தினர் படம் எடுத்துக்கொள்வார். பிறகு டிரோன் பெட்டிக்குள் போய்விடும். மறுநாள் முகநூலில் "அறிவியலில் சாதிக்கும் தமிழ்ப்பள்ளி" என்று செய்தி வரும்.

இதில் மாணவன் கற்றுக்கொண்டது என்ன? பொத்தானை அழுத்தக் கற்றுக்கொண்டான். அதை அவனுடைய வீட்டுத் தொலைக்காட்சியே முன்பு கற்றுக்கொடுத்துவிட்டதே!

டிரோன்மீது எனக்குப் பகை இல்லை. உறையைத் திறக்காமலே அறிவியலைக் கற்பித்துவிடலாம் என்னும் எண்ணத்தோடுதான் எனக்குப் பகை. அதற்கு மாற்றாக நான் முன்வைப்பது மிகப் பழைய பொருள் ஒன்று: வானலைக் கட்டுப்பாட்டு மாதிரி வானூர்திகளில் பூட்டப்படும் சிறிய எந்திரம். அதைக் கழற்றி, துடைத்து, பூட்டி, ஓடவைத்துப் பராமரிப்பதில் இருக்கும் கல்வி, பளபளக்கும் எந்தப் பெட்டியிலும் இல்லை என்பதே என் வாதம்.

உள்ளங்கையில் ஓர் ஆய்வுக்கூடம்

மாதிரி வானூர்திப் பிரியர்கள் "46" என்று அழைக்கும் எந்திரத்தை எடுத்துக்கொள்வோம். அதன் கொள்ளளவு 0.46 கன அங்குலம்; ஏறத்தாழ 7.5 கன சென்டிமீட்டர். நம் ஊர்க் கப்சாய் மோட்டார் சைக்கிளின் எந்திரம் 110 கன சென்டிமீட்டர் என்றால், இது அதில் பதினான்கில் ஒரு பங்குகூட இல்லை. உள்ளங்கையில் அடங்கிவிடும். ஆயினும் நிமிடத்திற்கு 12,000 சுற்று சுற்றும். ஈரடி எந்திரம் ஆதலால் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருமுறை எரிபொருள் எரியும். அப்படியானால் ஒரு நொடிக்கு எத்தனை முறை? ஐந்தாம் ஆண்டு மாணவன் மனக்கணக்காகவே சொல்லிவிடுவான்: 200 முறை. பயிற்றுநூலில் உள்ள வகுத்தல் கணக்கைவிட இந்தக் கணக்கு அவன் நெஞ்சில் ஆழமாகப் பதியும்.

இதில் தீப்பொறி கிடையாது. குளோ பிளக் என்னும் சிறு திருகினுள் பிளாட்டினச் சுருள் ஒன்று இருக்கிறது. தொடக்கத்தில் மட்டும் 1.5 வோல்ட்டு மின்கலத்தால் அதைச் சூடேற்றுகிறோம். எந்திரம் ஓடத் தொடங்கியதும் மின்கலத்தை எடுத்துவிடலாம். மெத்தனால் ஆவி பிளாட்டினத்தின்மீது படும்போது நிகழும் வினையூக்கமும் எரிதலின் வெப்பமும் சேர்ந்து அச்சுருளை அணையாமல் காக்கின்றன. 1947இல் அமெரிக்கரான ரே ஆர்டன் இதனை விற்பனைக்குக் கொண்டுவந்தார். அதுவரை மாதிரி வானூர்திகள் மின்கலம், மின்சுருள் ஆகியவற்றின் சுமையையும் தூக்கிக்கொண்டே பறக்க வேண்டியிருந்தது. ஒரு சிறு கம்பிச்சுருள் அத்தனை சுமையையும் இறக்கி வைத்துவிட்டது!

எரிபொருளோ மெத்தனாலும் எண்ணெயும் நைட்ரோமீத்தேனும் கலந்த கலவை. எண்ணெய் பெரும்பாலும் நூற்றுக்கு 18 முதல் 20 பங்கு. அது என்ன எண்ணெய் தெரியுமா? செயற்கை எண்ணெயோடு ஆமணக்கெண்ணெயும் சேர்ப்பார்கள். ஆம், நம் பாட்டிமார் வயிற்றைச் சுத்தம் செய்யக் கொடுத்த அதே விளக்கெண்ணெய்தான். மெத்தனாலில் கரையும், கடும் வெப்பத்திலும் உலோகத்தை விட்டு விலகாது என்பதால் அது தெரிவு செய்யப்பட்டது. இதைச் சொன்னவுடன் மாணவர் முகத்தில் தோன்றும் வியப்பை எந்தப் பாடத்துணைப்பொருளால் வாங்க முடியும்?

பழுது கற்பிக்கும் பாடம்

எந்திரம் ஓடும்போது கற்பதைவிட ஓடாதபோது கற்பதே மிகுதி.

மின்கலத்தை எடுத்தவுடன் நின்றுவிடுகிறதா? கலவையில் எரிபொருள் மிகுந்திருக்கலாம், பிளக் கெட்டிருக்கலாம். வேகம் கூடிக் கூடித் திடீரென அணைகிறதா? எரிபொருள் போதவில்லை. குழாயில் காற்றுக்குமிழி வருகிறதா? தொட்டிக்குள் உள்ள குழாயில் எங்கோ ஓட்டை. விசிறியைக் கையால் மெல்லத் திருப்பும்போது அழுத்தமே தெரியவில்லையா? பிளக்கின் கேஸ்கெட்டையும் தலைப்பகுதித் திருகுகளையும் பார்க்க வேண்டும்.

இங்கே ஒரு கட்டுப்பாடு உண்டு. பிளக்கையும் எரிபொருளையும் ஒரே நேரத்தில் மாற்றி, ஊசித் திருகையும் திருப்பினால், எந்திரம் ஓடினாலும் எதனால் ஓடியது என்று தெரியாது. ஒன்றை மட்டும் மாற்றி மற்றவற்றை அப்படியே வைத்திருக்க வேண்டும். இதைத்தானே நாம் தற்சார்பு மாறி, சார்பு மாறி, கட்டுப்படுத்தப்பட்ட மாறி என்று கரும்பலகையில் எழுதிப்போட்டு மனனம் செய்யச் சொல்கிறோம்? பொருள் தெரியாமல் ஒப்புவித்த அதே சொற்கள் எந்திரத்தின் முன்னால் உயிர்பெற்று எழும்.

வெப்பத்தால் பொருள் விரிவடையும் என்பது இன்னொரு பாடம். இவ்வகை எந்திரங்கள் பலவற்றில் பிஸ்டன் அலுமினியத்தால் ஆனது. அது ஓடும் உருளை பித்தளையால் ஆகி, உட்புறம் குரோமியம் பூசப்பெற்றது. உருளையின் மேற்பகுதி சற்றே குறுகலாக இருக்கும். குளிர்ந்த நிலையில் பிஸ்டன் மேலே வந்து இறுகும்; புதியவர்கள் இதைப் பழுது என்று எண்ணிவிடுவர். சூடேறியதும் பித்தளை விரிந்து இடைவெளி சரியாகிவிடும். அதனால்தான் இத்தகைய புது எந்திரத்தை மிகையான எரிபொருளுடன் குளிரக் குளிர ஓட்டிப் பழக்கக் கூடாது. பிஸ்டன் வளையம் உள்ள எந்திரத்திற்கோ வேறு முறை. கையேட்டைப் படிக்காதவன் எந்திரத்தைக் கெடுப்பான். வாசிப்புத் திறனுக்கு இதைவிட நேரடியான சோதனை உண்டா?

தேய்ந்த பேரிங்கைக் கழற்றும் முறையையும் பாருங்கள். சுத்தியலால் அடிப்பதில்லை. எந்திரக் கூட்டை அடுப்பில் சூடாக்கி, மரப்பலகையில் தட்டினால் பேரிங் தானே விழும். அலுமினியம் எஃகைவிட ஏறத்தாழ இரு மடங்கு விரிவடைவதே காரணம். ஆசிரியர் செய்து காட்ட, மாணவர் தள்ளி நின்று பார்த்தால் போதும். வாழ்நாள் முழுவதும் மறக்கமாட்டார்கள்.

நம் நாட்டின் ஈரக்காற்றும் ஓர் ஆசிரியர்தான். மெத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சக்கூடியது. ஓட்டி முடித்த எந்திரத்தில் எரிபொருளை மிச்சம் விட்டுவைத்தால் பேரிங் துருப்பிடிக்கும். எனவே தொட்டியை வடித்து, எஞ்சியதை எரித்துத் தீர்த்து, பிளக் துளையிலும் கார்பரேட்டரிலும் சில சொட்டு எண்ணெய் விட்டு, விசிறியைச் சுழற்றி வைக்க வேண்டும். ஐந்து நிமிட வேலை. அதைச் செய்பவனுடைய எந்திரம் பல்லாண்டு உழைக்கும். செய்யாதவனுடையது அடுத்த பள்ளி விடுமுறைக்குள் இறுகிப்போகும். பொறுப்புணர்ச்சி என்று நன்னெறிப் பாடத்தில் பக்கம் பக்கமாக எழுதுகிறோமே, அதன் செயல்வடிவம் இதுவல்லவா?

மறுப்புகளும் என் மறுமொழியும்

"இஃது ஆபத்தானது" என்பார்கள். உண்மைதான். மெத்தனால் நஞ்சு. 2018 செப்டம்பரில் சிலாங்கூரிலும் கோலாலம்பூரிலும் மெத்தனால் கலந்த மதுவை அருந்திப் பலர் மாண்டதை நாம் மறக்கவில்லை. அதன் தீச்சுடர் பகல் வெளிச்சத்தில் கண்ணுக்கே தெரியாது. சுழலும் விசிறி விரலைத் துண்டிக்கும். ஆகவே எரிபொருளை மாணவர் தொடக் கூடாது. எந்திரத்தைச் சோதனைச் சட்டத்தில் இறுகப் பூட்டி, திறந்தவெளியில், பழகிய பெரியவரே ஓட்ட வேண்டும். விசிறிக்கு முன்னாலோ பக்கவாட்டிலோ யாரும் நிற்கக் கூடாது. மாணவர் கழற்றுவதும் பூட்டுவதும் எரிபொருள் இல்லாத, குளிர்ந்த எந்திரத்தைத்தான். டிரோனில் இருக்கும் லித்தியம் மின்கலமும் அடிபட்டால் தீப்பற்றும். அந்த ஆபத்தை உறை மறைத்துவிடுவதால் நாம் அஞ்சுவதில்லை; அவ்வளவே.

"இது காலாவதியான தொழில்நுட்பம், மின்னோடிதானே இப்பொழுது?" என்பார்கள். பறப்பதற்கு மின்னோடி வசதியானது, தூய்மையானது, ஓசை குறைந்தது என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் நான் பேசுவது பறப்பதைப் பற்றியன்று, கற்பதைப் பற்றி. மின்னோடியில் மாணவன் திருத்துவதற்கு ஏறக்குறைய ஒன்றுமே இல்லை. இந்தச் சிறு எந்திரத்திலோ காற்று, எரிபொருள், வெப்பம், அழுத்தம், உராய்வு அனைத்தும் அவன் கைக்கு எட்டும் தொலைவில் இருக்கின்றன. பறக்கவிட விரும்புவோர் மலேசிய வான்போக்குவரத்து ஆணையத்தின் விதிகளைப் பின்பற்றட்டும். எனக்குச் சோதனைச் சட்டமே போதும்.

"தமிழில் இதற்குச் சொல் ஏது?" என்பார் ஒரு சாரார். உந்துதண்டு என்று சொன்னாலும் சரி, பிஸ்டன் என்று சொன்னாலும் சரி, முதலில் அதைக் கையில் எடுங்கள். பொருளைத் தொடாதவன் உருவாக்கும் கலைச்சொல் அகராதியில் தூங்கும். பட்டறையில் புழங்கும் சொல்லே வாழும்.

கடைசி மறுப்பு ஒன்று இருக்கிறது. அதுதான் என்னை இக்கட்டுரையை எழுதத் தூண்டியது. "என் மகன் மெக்கானிக் ஆவதற்காகவா பள்ளிக்கு வருகிறான்?" என்று பெற்றோர் ஒருவர் கூட்டத்தில் கேட்டார். அரங்கில் பலர் தலையசைத்தனர்.

ஐயா, மெக்கானிக் என்பது இழிசொல்லா? 1903இல் ரைட் உடன்பிறப்புகளுக்கு ஏற்ற எந்திரத்தைச் செய்து தர எந்த நிறுவனமும் முன்வரவில்லை. அவர்களுடைய மிதிவண்டிக் கடையில் வேலை பார்த்த சார்லி டெய்லர் என்னும் மெக்கானிக்தான் ஏறத்தாழ ஆறே வாரத்தில் 12 குதிரைத் திறன் எந்திரத்தைச் செய்து கொடுத்தார். அவர் கையில் எண்ணெய் படாமல் இருந்திருந்தால் அந்த வானூர்தி எழும்பியிருக்காது. மாதிரி எந்திரங்களுக்கு உலகப் புகழ்பெற்ற ஓ.எஸ். நிறுவனமும் 1936இல் சப்பானின் ஒசாகா நகரில் சிகேயோ ஒகாவா தொடங்கியதுதான். கைத்தொழிலை மதித்த நாடு உலகிற்கே எந்திரம் விற்றது. அதை இழிவாகக் கருதும் நாம் வாங்கிய பொருளின் உறையைப் பிரிக்கவும் அஞ்சுகிறோம்.

நம் பெற்றோரின் அச்சம் எனக்குப் புரியாமல் இல்லை. தோட்டத்தில் உழைத்துத் தேய்ந்த தலைமுறை, தன் பிள்ளையின் கையாவது வெள்ளையாக இருக்கட்டும் என்று விரும்பியது. அந்த விருப்பத்தை நான் வணங்குகிறேன். ஆனால் அதற்கு விலையாக, கைத்திறன் மிக்க பிள்ளைகளை "மந்தம்" என்று முத்திரை குத்திப் பின்வரிசையில் அமர்த்திவிட்டோமே! வகுப்பில் எழுத்துக்கூட்டி வாசிக்கும் ஒரு மாணவன் பதினெட்டுத் திருகுகளையும் எது எங்கிருந்து வந்தது என்று மறவாமல் திரும்பப் பூட்டுகிறான். அவனை அளக்க நம்மிடம் அளவுகோல் இல்லையென்றால் குறை யாரிடம்? யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இல் அகற்றப்பட்டது. 'தேர்வுக்கு வராது' என்று இனியும் சாக்குச் சொல்ல இடமில்லை.

ஆசிரியத் தோழர்களே, புதிய எந்திரம்கூட வேண்டாம். இறுகிப்போன பழைய எந்திரம் ஒன்றைத் தேடிப் பெறுங்கள். ஒரு தொகுதி அறுகோணச் சாவி, ஒரு தட்டு, ஒரு பழந்துணி போதும். உங்கள் வட்டாரத்தில் மோட்டார் சைக்கிள் பட்டறை நடத்தும் முன்னாள் மாணவர் ஒருவர் கட்டாயம் இருப்பார். அவரைப் பள்ளிக்கு அழையுங்கள். மாலை அணிவித்து அமரவைக்க அன்று, மேசையருகே நின்று கற்பிக்க. தலைப்பகுதித் திருகுகளை ஏன் ஒன்றுக்கொன்று எதிராக மாற்றி மாற்றி இறுக்க வேண்டும் என்பதை அவர் நம்மைவிட நன்றாக விளக்குவார்.

அடுத்த அறிவியல் விழாவில் டிரோனும் பறக்கட்டும். அதன் பக்கத்து மேசையில் திறந்து கிடக்கும் எந்திரம் ஒன்றும், எண்ணெய் படிந்த பத்து விரல்களும் இருக்கட்டும். சிறப்பு விருந்தினர் எதன் அருகே நின்று படம் எடுத்துக்கொள்கிறார் என்பதை மட்டும் கவனித்துப் பாருங்கள்.